வேலியில் நிற்கும் காடு
சிறிய அளவில் மரம் வளர்த்தலும் மரக் கைத்தொழிலும்: குழுவாக இருந்து படிப்பதற்கான பாடம்

இடம்பெயர்ந்திருந்து ஊர் திரும்பும் விவசாயக் குடும்பத்தின் படலையைத் தட்டுகிறவர்களுள் மர வியாபாரி முந்திக்கொள்கிறார். வீடு இடிந்து கிடக்கும். கிணறு தூர்ந்திருக்கும். மாடும் இல்லை, விதைநெல்லும் இல்லை. ஆனால் ஆளில்லாத காலத்தில் எவரும் கத்தி வைக்காமல் வளர்ந்த வேம்பு ஒன்று, பூவரசு இரண்டு, புளி ஒன்று என்று வளவில் ஏதாவது நிற்கும். வியாபாரி மரத்தைச் சுற்றி ஒருமுறை நடப்பார். அண்ணாந்து பார்ப்பார். ஒரு தொகையைச் சொல்வார். கூரைத் தகரத்துக்குக் காசில்லாமல் நிற்கும் குடும்பம் அதை வாங்கிக்கொள்ளும். மரம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிவிடும். பின்னர் அதே குடும்பம் கதவுக்கும் யன்னலுக்கும் மரக்காலைக்குப் போய், விற்ற விலையிலும் எத்தனையோ மடங்கு கொடுத்து மரம் வாங்கும்.

வியாபாரியைக் குறைசொல்வது நமது நோக்கமன்று. அவர் தமது தொழிலைச் செய்கிறார்; குடும்பம் தனது அவசரத்தைப் பார்க்கிறது. ஆனால் கையில் வேறு முதலில்லாத குடும்பத்துக்கு வளவில் நிற்கும் மரமே வங்கிப் புத்தகம். அந்தப் புத்தகத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல், முழுவதையும் ஒரே நாளில் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். மரத்தைச் சாகடிக்காமல் அதிலிருந்து ஆண்டுதோறும் வருமானம் பெறுவது எப்படி, காணி நிச்சயமில்லாதவர்களும் அதைச் செய்ய முடியுமா, வெட்டிய மரத்தின் பெறுமதி ஊரைவிட்டுப் போகாமல் இருக்க என்ன வழி என்னும் மூன்று கேள்விகளுக்கும் இப்பாடத்தில் விடை தேடுவோம்.

நமது காடு எங்கே இருக்கின்றது?

மரத் தொழில் என்றவுடன் வன்னிப் பெருங்காடும் அங்குள்ள முதிரை, பாலை, கருங்காலி என்பனவுமே பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் காடு நமக்குத் தொழில் தரும் இடமன்று. இந்த நாட்டில் வனக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றது. அரச காட்டில் அனுமதியின்றி மரம் தறிப்பவர் தண்டம் கட்டுவதோடு நிற்பதில்லை. மரம் ஏற்றிய வாகனத்தையும் ஆயுதங்களையும் இழக்க நேரிடும். ஒரு நாள் கூலிக்காக மற்றொருவருக்கு முதிரை வெட்டப் போய், வழக்கு முடியும்வரை நீதிமன்றப் படியேறும் இளைஞர்கள் பல கிராமங்களில் இருக்கிறார்கள். அனுப்பியவர் அகப்படுவதில்லை.

காடு ஏற்கெனவே நமக்காகப் பெரும் விலை கொடுத்திருக்கின்றது. 1995இல் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனபோதும், அதன் பின் 2009 வரை நடந்த ஒவ்வோர் இடப்பெயர்வின்போதும், கொட்டில் போடக் கப்பும் வளையும் வரிச்சுத் தடியும் காட்டிலிருந்தே வந்தன. சமைக்க விறகும் அங்கிருந்துதான் வந்தது. பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளைக் கணக்கிட முடியாது. இனியும் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது முறையுமல்ல, பாதுகாப்புமல்ல.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருங்காடு என்று சொல்லத்தக்கது கிடையாது. இருந்தும் அங்கே தலைமுறை தலைமுறையாக விறகும் தடியும் குழையும் தட்டுப்படாமல் கிடைத்து வந்தன. எப்படி? வேலியிலிருந்து. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பின்னாளில் வந்த சீமைக்கிளுவை ஆகியவற்றைக் கதியாலாக நட்டு, ஓலையால் அடைத்து, காலந்தோறும் வெட்டி, குழையை வயலுக்கும் தோட்டத்துக்கும் தாழ்த்து, தடியைப் பந்தலுக்கும் அடுப்புக்கும் எடுத்தார்கள். அவர்களுடைய காடு வேலியில் நின்றது. மதிலும் கம்பி வேலியும் வந்தபின் அந்தக் காட்டை நாமே அழித்துவிட்டோம். இன்று கையில் காசில்லாமல் வேலி அடைக்க நிற்பவர்களுக்கு அதை மீண்டும் நட நல்ல தருணம் வாய்த்திருக்கின்றது.

தளிர்க்கும் மரமும் தளிராத மரமும்

மரங்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். ஒருவகை, வெட்டினால் செத்துப்போகும். மற்றவகை, வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும்.

பனையும் தென்னையும் முதல் வகை. அவற்றுக்கு உச்சியில் ஒரே குருத்துத்தான். அது போனால் மரம் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துப் பனஞ் சிலாகைகள் கொழும்புக்கும் கடல் கடந்தும் போயின. அவ்வளவு பேர்பெற்ற மரம் அது. ஆனால் வைரம் ஏறிய பனைக்கு ஒரு மனித ஆயுள் வேண்டும். நாம் நட்டதை நமது பேரப்பிள்ளைகளே தறிக்கலாம். ஆகவே பனையை மரத்துக்காகப் பார்க்காமல், உயிரோடு நிற்கும்போது அது தரும் ஓலை, ஈர்க்கு, தும்பு, மட்டை ஆகியவற்றுக்காகப் பார்ப்பதே குடும்பத்துக்கு இலாபம்.

இரண்டாம் வகையில் பூவரசு, சீமைக்கிளுவை, முள்முருக்கு, இப்பில்இப்பில், வேம்பு, தேக்கு என்பன அடங்கும். கலியாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றும் முள்முருக்கந் தடி சில நாட்களில் தளிர்விடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இந்த மரங்களின் இயல்பு அதுவே. நிலத்துக்குக் கீழேயுள்ள வேர் வெட்டியபின்னும் பழைய பலத்தோடு இருப்பதால், கட்டையிலிருந்து வரும் தளிர் கன்றிலும் பார்க்க வேகமாக வளரும். முதல் நடுகைக்கே செலவு. அதன் பின் நிலம் பண்படுத்தவோ கன்று வாங்கவோ தேவையில்லை.

வேறு நாடுகளில் இவ்வழி ஒரு முழுத் தொழிலையே தாங்கியிருக்கின்றது. இங்கிலாந்தில் சபோக் என்னும் பகுதியிலுள்ள பிராட்பீல்ட் காடு 1252ஆம் ஆண்டு தொடக்கம் இவ்வாறு வெட்டித் தளிர்க்க விடப்பட்டு வருகின்றது. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு துண்டை மாத்திரம் வெட்டுவார்கள். கடைசித் துண்டை வெட்டி முடியும்போது முதல் துண்டு மறுபடி வெட்டத் தயாராக நிற்கும். ஹேசல் என்னும் சிறுமரத்தின் தடிகளைக் கொண்டு ஆட்டுப்பட்டிக்குப் படல் பின்னுவார்கள், அவரைக்குக் கொழுகொம்பு விற்பார்கள், கருவிகளுக்குப் பிடி செய்வார்கள். மரம் நமக்கு வேறு, வானிலை வேறு. ஆனால் துண்டு பிரித்து வெட்டும் ஒழுங்கை நாமும் கைக்கொள்ளலாம்.

ஒரு வேலிக் கணக்கு

அரை ஏக்கர், அதாவது எட்டுப் பரப்புக் காணி ஒன்றை எடுப்போம். அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 147 அடி; நான்கு பக்கமும் 590 அடி அளவில் வரும். இரண்டடிக்கு ஒரு கதியால் வீதம் நட்டால் ஏறத்தாழ 295 கதியால் நிற்கும். இதற்காகப் பயிர்நிலத்தில் ஒரு பாத்தியையும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நான்கு பக்கத்தையும் நான்கு ஆண்டாகக் கொள்ளுங்கள். முதலாண்டு கிழக்கு வேலி, இரண்டாம் ஆண்டு தெற்கு, பிறகு மேற்கு, பிறகு வடக்கு. ஆண்டுக்கு ஒரு பக்கம் வெட்டினால் போதும். ஒரு பக்கத்தில் 73 மரம் அளவில் உண்டு. வெட்டியபின் வரும் தளிர்களில் நேரான இரண்டை விட்டு மற்றவற்றை முறித்துவிட்டால், அடுத்த முறை வரும்போது 140 தடிக்கு மேல் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு வயது இருக்கும். அதன் பிறகு ஆண்டுதோறும் இதே அளவு. மற்ற மூன்று பக்கமும் எப்போதும் பச்சையாக நிற்பதால் காற்றுக்கும் மறைப்புண்டு.

செய்முறை வருமாறு:

1. கதியாலுக்கு முற்றிய, தோல் பழுப்பு நிறமான கொம்பையே எடுங்கள். ஆறடி நீளமும் பெருவிரலிலும் மொத்தமான தடிப்பும் வேண்டும். அடியைச் சரிவாகச் சீவுங்கள். தோல் பிளக்கவிடாதீர்கள்.

2. வெட்டிய கதியாலைச் சில நாள் நிழலில் நிறுத்திவைத்து, ஐப்பசி மழை தொடங்கும்போது முக்கால் அடி முதல் ஓரடி ஆழத்தில் ஊன்றி, அடிமண்ணை இறுக்குங்கள்.

3. நட்டு இரண்டு ஆண்டு கழியும்வரை தலையை வெட்டாதீர்கள். வேர் பலப்படவேண்டும்.

4. வெட்டும்போது நிலத்தோடு வெட்டவேண்டாம். ஐந்தடி உயரத்தில் வெட்டினால் மாடும் ஆடும் தளிரை எட்டா. வேலியும் வேலியாகவே நிற்கும். உட்காணியில் தனியாக நிற்கும் வேம்பு, தேக்கு முதலியவற்றை மாத்திரம் நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டலாம்.

5. வெட்டுவாய் சரிவாக இருக்கட்டும். தட்டையாக இருந்தால் நீர் தேங்கிக் கட்டை உக்கும். கூரான கத்தியோ வாளோ பாவியுங்கள். மொட்டைக் கத்தி தோலைக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தில் தளிர் வராது.

6. புரட்டாசியில் வெட்டுவது நல்லது. குழை காலபோக வயலுக்கு உதவும், கொம்பு புதுக் கதியாலுக்கு உதவும், கட்டை வரும் மழையோடு தளிர்க்கும்.

சீமைக்கிளுவை வேரில் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்க்கும் மரம். அதன் குழை சிறந்த பசளை. 2021இல் இரசாயனப் பசளை திடீரென நிறுத்தப்பட்டபோது குழை தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2022இல் எரிவாயு இல்லாமல் போனபோது விறகின் அருமையும் தெரிந்தது. 2005இலேயே அரசாங்கம் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இதை அறிவித்தது. தடி வலியது, கறையானையும் ஓரளவு தாங்கும். ஒன்றை மாத்திரம் மறவாதிருங்கள். இதன் பெயருக்கே எலிகொல்லி என்பது பொருள். பட்டையிலும் விதையிலும் இலையிலும் நஞ்சுண்டு. ஆடு மாடு வேறு தீனோடு கலந்து இலையைத் தின்னும். ஆனால் இதில் அகப்பையோ மத்தோ செய்யவேண்டாம்.

காணி யாருடையது?

இக்கேள்விக்கு விடை தெரியாமல் எந்த மரமும் நடவேண்டாம். இடம்பெயர்ந்தவர்களின் நிலை எல்லோருக்கும் ஒன்றல்ல.

சொந்தக் காணிக்குத் திரும்பி, உறுதியும் கையில் உள்ளவர்கள் மூன்று வயதுக் கணக்கில் நடலாம். வேலியில் நாலாண்டு மரம். வேலியோரமாகப் பத்தடிக்கு ஒன்று வீதம் மலைவேம்பு போன்ற விரைவாக வளரும் மரம். மூலைகளிலும் கிணற்றடியிலும் பலா, வேம்பு, தேக்கு முதலிய நீண்டகால மரம். தேக்கு இருபத்தைந்து முப்பது ஆண்டு கேட்கும். இன்று பிறந்த பிள்ளைக்கு அது சீதனமாகலாம். இன்றைய அரிசிக்கு உதவாது. ஆதலால் தேக்கை மட்டும் நட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

அரசு அனுமதிப்பத்திரம் தந்த காணியில் இருப்பவர்கள், பத்திரத்தில் மரம் பற்றி என்ன எழுதியிருக்கின்றது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்து காடாகிய வயலும் மேட்டுநிலமும் பல இடங்களில் வனத் திணைக்களத்தின் எல்லைக் கற்களுக்குள் அகப்பட்டுள்ளன. அவை உங்கள் பாட்டன் உழுத காணியாகவே இருக்கலாம். இருந்தாலும் எல்லையைத் தீர்க்காமல் துப்புரவாக்கப் போனால் வழக்கு உங்கள்மேல்தான் வரும். பழைய உறுதி, வரிச்சிட்டு, அயலவரின் சாட்சியம் என்பவற்றைச் சேர்த்து முதலில் எழுத்தில் முறையிடுங்கள்.

உறவினர் காணியிலோ, கோயில் காணியிலோ, தெரிந்தவர் வளவிலோ இருப்பவர்களே மிகவும் தயங்குகிறார்கள். "நாளைக்கு எழும்பச் சொன்னால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போவதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இது புதிய பிரச்சினையன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலேயே பிறர் நிலத்தில் மரம் வைப்பவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பலனைப் பங்கிடும் முறை சொல்லப்பட்டிருக்கின்றது. நட்டவனுக்கும் உரிமையுண்டு என்பது நமது முன்னோர் ஏற்றுக்கொண்ட நியாயம்.

ஆகவே காணிக்காரரோடு முன்கூட்டியே பேசுங்கள். வேலியை நாங்கள் நடுகிறோம், காக்கிறோம். வெட்டும் தடியில் இத்தனை பங்கு உங்களுக்கு, இத்தனை எங்களுக்கு. நாங்கள் எழும்பும்போது வேலி உங்களுக்கே என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சியோடு கையொப்பமிடுங்கள். காணிக்காரருக்குச் செலவில்லாமல் வேலி கிடைக்கிறது. உங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டில் தடி கிடைக்கிறது. எழும்பிப் போகும்போதும் வெறுங்கையோடு போகவேண்டியதில்லை. ஒரு கட்டுக் கதியாலைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்ப் புது வளவில் ஊன்றலாம். வேறு எந்த மரத்தோட்டத்தை இப்படிக் கட்டி எடுத்துக்கொண்டு போக முடியும்?

மரத்தை அளக்கப் பழகுவோம்

விற்கத்தான் வேண்டும் என்று வந்துவிட்டால், அளக்காமல் விற்காதீர்கள். மரக்காலைக்காரர் பாவிக்கும் கணக்கு இலகுவானது. தையற்காரரின் அளவுநாடா ஒன்று போதும்.

மரத்தின் நடுப்பகுதியில் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அதை நான்கால் பிரியுங்கள். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். அதை மரத்தின் நீளத்தால் (அடியில்) பெருக்கி, 144ஆல் பிரியுங்கள். வருவது கனஅடி.

உதாரணமாக, சுற்றளவு 36 அங்குலம், நீளம் 8 அடி. 36ஐ நான்கால் பிரிக்க 9. ஒன்பது தரம் ஒன்பது 81. எட்டால் பெருக்க 648. அதை 144ஆல் பிரிக்க நாலரைக் கனஅடி. சுற்றளவு 48 அங்குலமும் நீளம் 10 அடியுமானால் பத்துக் கனஅடி வரும். பிள்ளைகளைக் கொண்டு வளவிலுள்ள எல்லா மரத்தையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

இக்கணக்கில் ஒரு விசேடம் உண்டு. உருண்டை மரத்தின் உண்மையான கொள்ளளவு இதிலும் கூட. நாம் சொன்ன நாலரைக் கனஅடி மரத்தில் உண்மையில் 5.7 கனஅடி மரம் உண்டு. ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேலானதை, அரியும்போது போகும் சிராம்புக்கும் தூளுக்குமாக முன்கூட்டியே கழித்துவிட்டார்கள். ஆகவே "கழிவு போகும், குறைத்துத்தான் எடுப்பேன்" என்று இரண்டாம் முறையும் கழிக்க வருபவரிடம், கழிவு ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

சண்டை நடந்த இடங்களில் நின்ற மரமானால் உள்ளே சன்னமும் இரும்புத் துண்டும் பதிந்திருக்கலாம். வாள் உடையும் என்று ஆலைக்காரர் தயங்குவதில் நியாயமுண்டு. பட்டையில் தழும்போ வீக்கமோ இருந்தால் முன்பே காட்டிவிடுங்கள். பிறகு வரும் பிணக்கு தவிர்க்கப்படும்.

மரமாகவா, பொருளாகவா?

ஒரு கனஅடி மரம் என்பது ஓரடி அகலம், ஓர் அங்குலத் தடிப்பு, பன்னிரண்டடி நீளம் உள்ள பலகை. அதே ஒரு கனஅடியை இரண்டங்குலச் சதுரமும் மூன்றரை அடி நீளமுமான துண்டாக அரிந்தால் பத்து மண்வெட்டிப் பிடி வரும். உங்கள் ஊரில் ஒரு கனஅடி மரம் என்ன விலை, பத்து மண்வெட்டிப் பிடி என்ன விலை என்று இரண்டையும் எழுதி, பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். அந்த இடைவெளிதான் ஊரைவிட்டுப் போகும் கூலி. அதை ஊரிலே நிறுத்துவதே மரக் கைத்தொழிலின் நோக்கம்.

பெரிய ஓடாவிப் பட்டறை தேவைப்படும் கட்டிலும் அலுமாரியும் நமது ஆரம்பமல்ல. சிறுதடியிலும் கொம்பிலும் செய்யக்கூடியவற்றையே முதலில் பாருங்கள். சீமைக்கிளுவையிலும் வேம்பிலும் மண்வெட்டிப் பிடி, கோடரிக் காம்பு, கத்திப் பிடி. பயற்றை, புடோல், பாகலுக்குப் பந்தல் தடி. கோழிக்கூடு, ஆட்டுக்கொட்டிலுக்குக் கிராதி. பூவரசில் வாங்கு, முக்காலி, தேங்காய் திருவலைக் கட்டை. பூவரசு நீரைத் தாங்கும் மரமாதலால் தோணி வேலைக்கும் கேட்பார்கள். புளியின் வைரத்தில் உரல், உலக்கை, இறைச்சிக் கடைக்குக் கொத்துக்கட்டை. பலாவில் தவிலும் மிருதங்கமும் செய்கிறார்கள். அது தனிக் கைவினை; ஆனால் அதற்கு மரம் தேடுகிறவர் சாதாரண விலைக்கு மேல் கொடுப்பார். பனையோலைப் பெட்டி, கடகம், சுளகு என்பன பெண்களின் கையிலுள்ள பழைய தொழில். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் வடக்கில் பலர். பிடி சீவுதல், அரத்தாளிட்டு மினுக்குதல், முக்காலி பின்னுதல் முதலியவற்றையும் அவர்கள் செய்யலாம், செய்யவும் முடியும்.

விலை போடும்போது உங்கள் கூலியை மறவாதீர்கள். மரத்தின் விலை, வேலைசெய்த நாட்கூலி, வாள் தீட்டவும் உளி வாங்கவும் ஒதுக்கும் பங்கு, கொண்டுபோகும் செலவு என்ற நான்கையும் கூட்டி, அதன் மேலேயே இலாபம் வைக்கவேண்டும். சொந்த வேலியில் வெட்டிய தடிக்கும் விலை போடுங்கள். இனாமாகக் கிடைத்தது என்று நினைத்தால் வேலியைக் கவனிக்க மறந்துவிடுவோம்.

வெட்டியபின் செய்யவேண்டியவை

பச்சை மரத்தில் செய்த பிடி ஒரு மாதத்தில் கழன்றுவிடும். ஒருமுறை அப்படி நடந்தால் அந்தக் கடைக்காரர் மறுபடி உங்களிடம் வாங்கமாட்டார். பெயர் கெடுவது பெரும்பாலும் உலர்த்தாமையினாலேயே.

வெட்டிய தடியின் இரண்டு நுனிக்கும் பூச்சு மையோ, மெழுகோ, சாணமோ பூசுங்கள். நுனியால் வேகமாக ஈரம் போனால் வெடிப்பு வரும். பலகையை வெயிலில் பரப்பவேண்டாம். காற்றோட்டமுள்ள நிழலில், நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஒரே தடிப்பான குச்சிகளை வைத்து அடுக்குங்கள். மேலே பாரம் ஏற்றுங்கள். ஓர் அங்குலப் பலகைக்கு நமது கோடையில் இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். ஒரு துண்டை வாரந்தோறும் தராசில் நிறுங்கள். நிறை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தடி உளுத்துப்போவதற்குக் காரணம் மரத்திலுள்ள மாச்சத்து. வெட்டியவுடன் சில வாரம் நீரில் அமிழ்த்தி வைத்தால் அது கரைந்துபோகும். கடலேரி அருகில் உள்ளவர்கள் உப்புநீரிலே போடலாம். வீட்டுத் தளபாடத்துக்குப் போறிக் அமிலமும் போறாக்சும் கலந்த கரைசலில் பச்சை மரத்தை ஊறவைப்பதும் உண்டு. ஆனால் சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் பாவிக்கும் பொருட்களில் இக்கரைசலோ கழிவெண்ணெயோ படவே கூடாது. அவற்றுக்கு நீரில் ஊறவிடுதலே போதும்.

சேர்ந்து செய்தல்

ஒரு குடும்பத்தின் வேலியில் ஆண்டுக்கு 140 தடி. அதைக் கொண்டு பட்டணத்துக் கடைக்காரரோடு பேரம்பேச முடியாது. பத்துக் குடும்பம் சேர்ந்தால் 1,400 தடி. அப்போது கடைக்காரர் உங்களைத் தேடி வருவார். மரமேறும் தொழிலாளர் 1970களில் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்ததனால், தவறணைக் குத்தகைக்காரரின் கையிலிருந்த தொழிலைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கும் தொடக்கத்தில் மூலதனம் இருக்கவில்லை. எண்ணிக்கைதான் இருந்தது.

ஐந்தோ பத்தோ குடும்பம் போதும். ஒரு நல்ல வாள், சீவுளி, இரண்டு மூன்று உளி, ஒரு துறப்பணம் ஆகியவற்றைப் பொதுவில் வாங்குங்கள். எல்லோரும் ஒரே அளவுப் பிடி செய்யுங்கள். முதலாவது பிடிக்கும் நூறாவது பிடிக்கும் வித்தியாசம் இருக்கக்கூடாது. காலபோகத்துக்கு முன் மண்வெட்டிப் பிடி, தை மாசித் தோட்டத்துக்குப் பந்தல் தடி என்று காலத்துக்கு முன்னரே தயாராக இருங்கள். முடிந்தால் ஊரிலுள்ள வயதான ஓடாவி ஒருவரைக் கூப்பிட்டு இளைஞர்களுக்குப் பழக்குங்கள். அவரோடு அந்தக் கைப்பழக்கமும் போய்விட்டால் மீட்கமுடியாது.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சொந்தக் காணி மரமானாலும் சிலவற்றுக்கு அனுமதி வேண்டும். பலா, ஈரப்பலா, பனை ஆகியவற்றைத் தறிப்பது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. மரத்தை வீதியில் ஏற்றிச் செல்வதற்கும் பல இனங்களுக்கு வழி அனுமதி தேவை. மரக்காலையும் அரிவு ஆலையும் வனத் திணைக்களத்தில் பதியப்படவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் படி உங்கள் கிராம அலுவலர். தறிக்கும் முன் கேளுங்கள். தறித்தபின் கேட்டால் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் விறகுக்காகவும் கால்வைக்க வேண்டாம்.

கலந்துரையாடலுக்கு

1. நமது ஊரில் கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை பெரிய மரம் விற்கப்பட்டது? அளந்து விற்றவர் எத்தனை பேர்?

2. நமது வேலிகளில் இன்று எவ்வளவு நீளம் உயிர்வேலி, எவ்வளவு நீளம் கம்பியும் தகரமும்?

3. பிறர் காணியில் இருக்கும் குடும்பங்கள் காணிக்காரரோடு எழுதக்கூடிய உடன்படிக்கை எப்படி இருக்கவேண்டும்? குழுவில் ஒரு மாதிரி எழுதிப் பாருங்கள்.

4. நமது கடைத்தெருவில் விற்கும் மரப்பொருட்களில் வெளியூரிலிருந்து வருபவை எவை? அவற்றுள் எந்த மூன்றை நாமே செய்யலாம்?

5. ஊரில் தச்சுவேலை தெரிந்த வயதானவர்கள் யார்? அவர்களிடம் பழக எந்த இளைஞர் முன்வருவார்?

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தன் வளவிலுள்ள மரங்களை அளந்து எழுதிக்கொண்டு வரட்டும். வேலியில் ஒரு பக்கத்தையாவது, வரும் ஐப்பசிக்குக் கதியால் போடுவதற்கெனக் குறித்து வைக்கட்டும். ஒரு பக்கம் என்பது அரைநாள் வேலை. நான்காவது ஆண்டில் படலையடியில் நின்று விலை கேட்பவருக்கு, "மரம் விற்பதில்லை, பிடி வேண்டுமானால் இருக்கிறது, இதுதான் விலை" என்று சொல்லலாம்.